பித்த வெடிப்பு: கல்லைவிடக் கிரீமுக்குத்தான் வேலை அதிகம்

குதிகாலில் வெடிப்பைப் பார்த்ததும் பலருக்கும் கை முதலில் தேடுவது தேய்க்கும் கல்லைத்தான். பரபரவென்று தேய்ப்போம். மாவாக உதிரும் தோலைப் பார்த்து மனம் நிறையும். காலைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவோம். சில நாளில் அதே இடம் மறுபடி சொரசொரக்கும். உண்மையில் கல் செய்யும் வேலை சிறியது. தேய்த்த பிறகு என்ன தடவுகிறோம், தோலில் ஈரம் இருக்கும்போதே தடவுகிறோமா, எத்தனை நாள் விடாமல் தடவுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வெடிப்பு ஆறுவதும் ஆறாததும். காலுக்கென்று இதுவரை எதுவும் செய்து பழகாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

குதிகால் மட்டும் ஏன் வெடிக்கிறது

உடம்பின் பெரும்பாலான இடங்களில் தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்காலில் ஒன்றுகூடக் கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் ஏராளம். ஆகவே உள்ளங்கால் மிருதுவாக இருக்க வியர்வை தரும் ஈரமும், அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கத் தோல் தனக்குள்ளேயே வைத்திருக்கும் யூரியா, லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள் போன்றவையும்தான் துணை. இவை குறைந்தால் ஈடுகட்ட வேறு எண்ணெய்ப் பசை அங்கே இல்லை. தோலின் தடிமனும் இங்கே அதிகம். இமையின் மேல்தோல் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான், உள்ளங்காலில் அது ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். முகத்துக்குப் போடும் லேசான லோஷன் குதிகாலில் பெரிதாக ஒன்றும் செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது எடை. குதிகால் எலும்புக்கு அடியில் கொழுப்பாலான மெத்தை ஒன்று இருக்கிறது. நாம் நிற்கும்போது, தரையில் வைத்த தண்ணீர்ப் பையைப் போல அது பக்கவாட்டில் அகலும். தோல் நெகிழ்வாக இருந்தால் கூடவே விரிந்து, காலைத் தூக்கியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். காய்ந்து தடித்த தோலால் விரிய முடியாது. இழுபட்டுப் பிளக்கும். வெடிப்புகள் குதிகாலின் நடுவில் இல்லாமல் ஓரத்தைச் சுற்றியே வருவது இதனால்தான்.

இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் யாருக்கு அதிகம் வரும் என்பது தானே தெளிவாகும். நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்கள், உடல் எடை கூடியவர்கள், பின்பக்கம் திறந்த செருப்பையே எப்போதும் போடுபவர்கள், கெட்டித் தரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள், கொதிக்கக் கொதிக்கக் குளிப்பவர்கள், காரமான சோப்பால் அடிக்கடி காலைத் தேய்ப்பவர்கள். குளிர்காலத்திலும் ஏசி அறையிலும் காற்று வறண்டிருப்பதால் தொல்லை கூடும். வயதானால் தோலின் ஈரம் இயல்பாகவே குறையும்.

உடம்புக்குள் இருக்கும் காரணங்களும் உண்டு. சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்பட்டால் காலில் வியர்ப்பது குறைந்து தோல் வறண்டுபோகும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் தோல் காயும். சோரியாசிஸ், எக்சிமா, பூஞ்சைத் தொற்று ஆகியவை வெறும் வெடிப்பைப் போலவே வேடம் போடும். அதனால் எதையும் தடவுவதற்கு முன் காலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை: காலைப் பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தை மடியில் வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கலாம். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். மூன்று வாரம் கழித்து, முன்னேற்றம் இருக்கிறதா என்று கேட்டால் நினைவு சரியாகப் பதில் சொல்லாது, படம் சொல்லும்.

வெண்மையாகப் பொடி பூத்த மாதிரி இருந்து, கோடுகள் மேலோட்டமாக மட்டும் தெரிந்தால் அது வெறும் வறட்சி. கிரீமே போதும், கல்லே தேவைப்படாது. ஓரத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கெட்டியான விளிம்பு கட்டி, அதன் குறுக்கே பிளவுகள் இருந்தால் காய்ப்போடு சேர்ந்த வெடிப்பு. கீழே சொல்லும் முறை முழுவதும் பெரும்பாலும் இவர்களுக்கானது. பிளவின் அடியில் சிவப்புத் தெரிந்தாலோ, நடந்தால் வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ வெடிப்பு மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை போய்விட்டது. அதற்கு வைத்தியத்தின் வரிசையே வேறு, தனியாகச் சொல்கிறேன்.

பூஞ்சையைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. உள்ளங்கால் ரேகைகளுக்குள் மாவு தூவியது போல் மெல்லிய செதில் படிந்திருக்கும். பாதத்தின் ஓரம் வரை, செருப்பணிந்த எல்லை போல அது பரவியிருக்கும். விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரியும். கால் நகம் தடித்து மஞ்சளாகும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதில் விசித்திரமான ஒன்று: இரண்டு பாதங்களிலும் ஒரே ஒரு உள்ளங்கையிலும் மட்டும் இப்படி வறட்சி இருந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். கையால் காலைச் சொறிந்து சொறிந்து அந்தக் கைக்கும் ஒட்டிக்கொள்கிறது. இவர்கள் மாதக்கணக்கில் கிரீம் தடவினாலும் தோல் கொஞ்சம் மிருதுவாகும், நோய் போகாது.

சோரியாசிஸ் என்றால் பெரும்பாலும் குதிகாலோடு நிற்காது. முழங்கை, முழங்கால், தலை, உள்ளங்கை எங்காவது எல்லை தெளிவாகத் தெரியும் சிவந்த திட்டும் அதன்மேல் வெள்ளிச் செதிலும் இருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காய்ப்பு என்று நினைத்து ஆணிமருவைத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். காய்ப்பின் மேல் தோல் ரேகைகள் தொடர்ந்து ஓடும். மருவில் ரேகைகள் விலகிப் போகும், உள்ளே சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும், இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிக்கும். மரு வைரஸால் வருவது. கல்லால் தேய்த்தால் பரவும்.

இவர்கள் வீட்டு வைத்தியத்தில் இறங்க வேண்டாம்

சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. உங்களுக்கு ஊறவைப்பது, கல்லால் தேய்ப்பது, தோலை உரிக்கும் அமிலம் கலந்த கிரீம் ஆகிய மூன்றும் வேண்டாம். நீர் சூடாக இருப்பது உணர்வு குறைந்த காலுக்குத் தெரியாது. புண்ணாகும் வரை தேய்த்தாலும் வலிக்காது. அந்தச் சிறு புண் ஆறாமல் பெரிதாகும் ஆபத்து உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது எளிதானது. தினமும் காலைப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்கு உட்பட நன்றாகத் துடையுங்கள். குதிகாலிலும் பாதத்திலும் ஈரப்பதக் கிரீம் தடவுங்கள், விரல் இடுக்கை விட்டுவிடுங்கள். காய்ப்பை எடுக்க வேண்டுமென்றால் பாத மருத்துவம் தெரிந்தவரிடம் போங்கள். வெடிப்பு திறந்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

என்னென்ன வேண்டும்

பட்டியல் சிறியது. யூரியா கலந்த ஒரு கிரீம், பெட்ரோலியம் ஜெல்லி, கால் தேய்க்கும் கல் அல்லது சொரசொரப்பான பட்டை, இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ். இவ்வளவுதான். இதற்கு மேல் வாங்கச் சொல்லும் விளம்பரங்களை நம்பாமல் கடந்து போகலாம்.

யூரியா என்றதும் உரம் நினைவுக்கு வந்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோல் தன் ஈரத்தைப் பிடித்துவைக்கப் பயன்படுத்தும் அதே பொருள்தான் இது. கிரீமில் அது எத்தனை சதவீதம் என்பதை உறையில் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அளவு மாறினால் வேலையும் மாறும். 5 முதல் 10 சதவீதம் வரை ஈரத்தைப் பிடித்துவைக்கும். 20, 25 சதவீதம் என்றால் தடித்த தோலை இளக்கி உதிரவும் வைக்கும். 40 சதவீதம் மிகத் தடித்த காய்ப்புக்கும் நகத்துக்கும் உரியது. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் வறட்சி மட்டும் இருந்தால் 10, காய்ப்பும் இருந்தால் 20 அல்லது 25 என்று எடுத்துக்கொள்ளலாம். யூரியா கிடைக்காவிட்டால் லாக்டிக் அமிலம் கலந்த கிரீமும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். சாலிசிலிக் அமிலம் தடித்த தோலைக் கரைக்கும், ஆனால் நல்ல தோலையும் சேர்த்துக் கரைக்கும் என்பதால் அதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

பெட்ரோலியம் ஜெல்லியின் வேலை வேறு. அது தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கிறது. 1872-இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு எத்தனையோ கிரீம்கள் வந்துவிட்டன. ஈரத்தை மூடிவைப்பதில் இதை மிஞ்சுவது இன்றும் கடினம். காய்ந்த தோலின் மேல் அப்பினால் மூடிவைக்க உள்ளே ஒன்றும் இருக்காது என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். தேங்காய் எண்ணெய்க்கும் இதே விதி. ஈரமான தோலில் தடவினால் நன்றாகவே உதவும், காய்ந்த தோலில் தடவினால் பளபளப்போடு சரி.

நறுமணம் சேர்த்த கிரீம் வேண்டாம். வெடித்த தோல் வழியாக வாசனைப் பொருள் உள்ளே போய் ஒவ்வாமை கிளப்பக்கூடும். எந்தப் புதுக் கிரீமையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காலுக்குக் கொண்டுபோகலாம். குழந்தைகளுக்கு அடர்த்தியான யூரியா கிரீம்களை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இரவு வேலை, ஒவ்வொரு படியாக

1. ஊறவைத்தல். வாளியிலோ அகலமான தொட்டியிலோ வெதுவெதுப்பான நீர். முழங்கையை விட்டுப் பாருங்கள், இதமாக இருந்தால் சரி. 10 முதல் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் ஊறினால் தோல் வெளுத்து உப்பும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்கள் நீரில் கரைந்து வெளியேறும். அப்புறம் முன்னைவிட வேகமாகக் காயும். நீரில் ஷாம்பு, உப்பு, எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். வெறும் நீரே தோலை இளக்கிவிடும். இந்தப் படி தினமும் தேவையில்லை, வாரத்துக்கு இரண்டு முறை போதும். மற்ற நாள்களில் குளித்து முடித்த கால் அல்லது கழுவிய கால் போதுமானது.

2. தேய்த்தல். ஊறவைத்த நாளில் மட்டும். கல்லையும் நனைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்த்தால் பிளவின் ஓரம் கல்லில் மாட்டிக் கிழியும். ஒரு குதிகாலுக்கு ஓரிரு நிமிடம். எல்லாத் தடிப்பையும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை வரும், அதை அடக்குங்கள். உடம்பின் எடையைத் தாங்கும் இடத்துக்குக் கொஞ்சம் தடிப்பு தேவை. தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ சுருக்கென்றாலோ எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். திறந்த வெடிப்பின் மேல் கல் படவே கூடாது.

பிளேடு, கத்தரி, காய்ப்பைச் சீவும் கத்தி எதையும் எடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஊறிய தோல் எங்கே முடிகிறது, உயிருள்ள தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் வைத்த தேய்ப்பான்களும் வேகத்தால் ஏமாற்றும். பழகியவர்கள் பயன்படுத்தட்டும், புதியவர்கள் கல்லோடு நிற்பது நல்லது. கல்லைப் பயன்படுத்திய பின் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அதன் துளைகளில் பழைய தோல் தங்கினால் கிருமிக்கு இடமாகும். ஒருவர் கல்லை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. பூஞ்சையும் மருவும் அப்படித்தான் வீடு முழுவதும் சுற்றுகின்றன.

3. துடைத்தல். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். விரல் இடுக்குகள் முழுதாகக் காய வேண்டும். குதிகால் மட்டும் லேசான ஈரத்தோடு இருக்கட்டும்.

4. கிரீம். இந்தப் படிக்குத்தான் முன்னால் சொன்ன எல்லாமே தயாரிப்பு. துடைத்த சூட்டோடு, 3 நிமிடத்துக்குள் தடவிவிடுங்கள். குளியலறையிலேயே டியூப் இருந்தால் இது நடக்கும்; அலமாரியில் இருந்தால் நடக்காது. எவ்வளவு தடவுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். ஒரு உள்ளங்கால் முழுவதற்கும் அது போதும். இரண்டு காலுக்கும் காலை, இரவு என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 2 கிராம். அதாவது 30 கிராம் டியூப் இரண்டு வாரத்தில் தீர வேண்டும். இரண்டு மாதமாக ஒரே டியூப் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கிரீம் வேலை செய்யவில்லை என்று குறை சொல்ல முடியாது, அதைக் காலில் போடவே இல்லை. குதிகாலின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்து உள்ளே இறக்குங்கள். விரல் இடுக்கில் கிரீம் வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஈரம் அதிகம், கிரீமும் சேர்ந்தால் தோல் ஊறிப் பூஞ்சை பிடிக்கும்.

5. மூடுதல். சில நிமிடம் கழித்து, கிரீம் உள்ளே இறங்கிய பிறகு, வெடிப்பு உள்ள ஓரங்களில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசுங்கள். அதன் மேல் பருத்தி சாக்ஸ். இறுக்கமான சாக்ஸ் வேண்டாம். வியர்த்துக் கசகசவென்று இருந்தால் தூங்கும்போது கழற்றிவிடலாம், ஓரிரண்டு மணி நேரம் இருந்தாலே பலன் உண்டு. கிரீம் பூசிய வெறுங்காலோடு வழவழப்பான தரையில் நடக்காதீர்கள். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் வெடிப்பைவிடப் பெரிய சிக்கலில் முடியும்.

காலையில் குளித்ததும் 3, 4 ஆகிய இரண்டு படிகள் மட்டும். ஜெல்லி, சாக்ஸ் எல்லாம் பகலில் தேவையில்லை.

ரத்தம் வரும் வெடிப்புக்கு

இங்கே யூரியாவை முதலில் எடுக்காதீர்கள். திறந்த காயத்தில் அது கடுமையாக எரியும். எரிச்சலைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. முதலில் பிளவை மூடவைக்க வேண்டும், பிறகுதான் தடிப்பைக் கவனிப்பது.

மென்மையான சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மண் துகள் இருந்தால் வெளியேற்றுங்கள். ஒற்றித் துடையுங்கள். பிளவுக்குள் பெட்ரோலியம் ஜெல்லியை வைத்து, காயத்தில் ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள். அதன் மேல் பிளாஸ்திரியைப் பிளவின் நீளவாக்கில் ஒட்டாமல் குறுக்காக ஒட்ட வேண்டும். முதலில் ஒரு பக்கம் ஒட்டி, விரலால் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இழுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிளவு திரும்பத் திரும்ப விரிவதால்தான் அது ஆறாமல் இருக்கிறது. அந்த விரிவைத் தடுத்தாலே வலி கணிசமாகக் குறையும். தினமும் ஒருமுறை, நனைந்தால் உடனே, கட்டை மாற்றுங்கள்.

காயத்தின் மேல் பூசும் திரவப் பிளாஸ்திரி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சுத்தமான, கசிவில்லாத பிளவுக்கு அது நல்ல வழிதான். ஆனால் வீட்டில் உடைந்த பொருள் ஒட்டும் உடனடிப் பசையைக் காலில் விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மருத்துவப் பசையும் அதுவும் உறவினர்கள்தான், ஆனாலும் ஒன்றல்ல. வீட்டுப் பசை தோலை எரிச்சலூட்டும். உள்ளே கிருமி இருந்தால் அதையும் சேர்த்து அடைத்துவிடும்.

மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்பவர்கள் தங்கள் தடுப்பூசிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருக்கிறது, திறந்த வெடிப்பு அதற்கு வழி. ஊக்க ஊசி பொதுவாக 10 ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியது. காயம் ஆழமாகவும் அழுக்காகவும் இருந்தால் அதற்கு முன்பே தேவைப்படலாம்.

பிளவு மூடி, தொட்டால் வலிக்காத நிலை வந்ததும் மேலே சொன்ன இரவு வேலையைத் தொடங்கலாம்.

செருப்பு

கிரீமுக்கு அடுத்து அதிகம் பலன் தருவது இதுதான், ஆனால் இதை மாற்றத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை. பின்பக்கம் மூடிய, குதிகாலை இறுக்காமல் ஆனால் சுற்றிப் பிடிக்கிற காலணி அந்தக் கொழுப்பு மெத்தை அகலுவதைக் கட்டுப்படுத்தும். பின்பக்கம் திறந்த செருப்பில் மெத்தை தாராளமாக வெளியே பிதுங்கும், செருப்பின் விளிம்பும் ஓயாமல் உரசும். முழு நாளும் மூடிய காலணி போட முடியாதவர்கள் அதிகம் நிற்கும் நேரத்திலாவது போடுங்கள். அடிப்பாகம் தேய்ந்து மெலிந்த செருப்பைத் தூக்கிப் போடுங்கள். சிலிகானில் செய்த குதிகால் கிண்ணங்கள் காலணிக்குள் வைக்க உதவும். கெட்டித் தரையில் நின்று சமைப்பவர்கள், இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் காலுக்கு அடியில் ஒரு கனத்த மிதியடியைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குள் மிருதுவான செருப்பு அணியலாம்.

செய்ய வேண்டாதவை

எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா மூன்றையும் வெடித்த குதிகாலில் போடச் சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். முதலிரண்டும் அமிலம், மூன்றாவது காரம். எதில் எவ்வளவு செறிவு என்று உங்களுக்குத் தெரியாது. திறந்த பிளவில் எரியும், தோலின் பாதுகாப்பு அடுக்கைக் கெடுக்கும். அதே அமில வேலையை அளந்து கலந்த லாக்டிக் அமிலக் கிரீம் பத்திரமாகச் செய்யும்போது அடுக்களைப் பரிசோதனை எதற்கு?

காலில் உறை போல மாட்டி, ஒரு வாரத்தில் தோல் பாளம் பாளமாக உரியும் அமிலப் பட்டைகளும் இப்போது பிரபலம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். வெடிப்பு இருக்கும் காலுக்கு ஆகாது. நிறையத் தண்ணீர் குடித்தால் வெடிப்பு சரியாகும் என்பதிலும் பெரிய உண்மை இல்லை. உடம்புக்குத் தண்ணீர் வேண்டும், அது வேறு விஷயம். குதிகாலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது, அதற்கு ஈரம் போக வேண்டியது வெளியிலிருந்துதான். துருத்தி நிற்கும் தோல் நூலைக் கையால் பிய்ப்பதையும் நிறுத்துங்கள். அது நல்ல தோல் வரை இழுத்துக்கொண்டு போகும். நகவெட்டியால் தொங்கும் நுனியை மட்டும் நறுக்கிவிடலாம்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்

ஒரு வாரத்தில் சொரசொரப்பு குறைவது கைக்குத் தெரியும். சாக்ஸ் நூல் மாட்டாது, போர்வையில் உரசாது. இரண்டு வாரத்தில் மேலோட்டமான கோடுகள் மறையத் தொடங்கும். காய்ப்போடு கூடிய வெடிப்புக்கு நான்கு வாரமாவது கொடுக்க வேண்டும், நெடுநாள் பழையது என்றால் இன்னும் கூட. தோல் தன் அடியடுக்கிலிருந்து புதிதாக வளர்ந்து மேலே வரக் காலம் ஆகும், அதை அவசரப்படுத்த எந்தக் கிரீமாலும் முடியாது.

சரியானதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதால்தான் இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. உள்ளங்காலுக்கு எண்ணெய்ச் சுரப்பி புதிதாக முளைக்கப் போவதில்லை. அடர்த்தியான யூரியாவை நிறுத்தி 10 சதவீதத்துக்கு இறங்குங்கள், இரவில் ஒரு வேளை மட்டும் தடவுங்கள், கல்லைப் பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். குளிர் தொடங்கும் காலத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது

வெடிப்பைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் இருந்தால், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினால் அன்றே போக வேண்டும். தோலுக்கடியில் கிருமித் தொற்று பரவுகிறது என்பதன் அடையாளம் இவை. நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை, கையிலும் இதே மாதிரி வருகிறது, நகம் தடிக்கிறது, உடல் சோர்வும் எடை கூடுதலும் குளிர் தாங்காமையும் சேர்ந்தே இருக்கிறது என்றால் தோல் மருத்துவரையோ பொது மருத்துவரையோ நிதானமாகப் பார்க்கலாம். சர்க்கரையும் தைராய்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பூஞ்சையா என்று சந்தேகம் இருந்தால் மருத்துவர் தோலைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். வலிக்காது. போவதற்கு முன் பூஞ்சைக் களிம்பை நீங்களாகத் தடவிவிட்டால் கிருமி இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் தடவாமல் போங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதைவிட மோசம். அரிப்பும் சிவப்பும் இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும், உருவமும் மாறி மருத்துவரையே குழப்பும். ஏற்கெனவே ஏதாவது தடவியிருந்தால் மறைக்காமல் அந்த டியூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், முதல் நாள் எடுத்த படத்தோடு.